ஒன்பதாவது மலையில் எல்லாம் பச்சை

எல்லைப்பக்க முகாமில் நான் சிக்னல்ஸ் ஹவில்தாராக இருந்தபோது, சுவர் அகலத்துக்கு ஒரு திரையைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மலைமேல் இருக்கும் ஒவ்வொரு காவல்சாவடியும் மணிக்கொரு தடவை தன் நிலவரத்தைப் பதிய வேண்டும். அதிகாரி உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் அறிவார் என்றார்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை.

வழக்கமான நிலவரம் என்றால் பச்சை. கோளாறுக்கு மஞ்சள், ஆபத்துக்குச் சிவப்பு; எதை அழுத்தினாலும் இருபத்திரண்டு கேள்விகள் திறக்கும். முதல் கேள்வியே ‘இதற்குப் பொறுப்பு யார்?’ அப்புறம் எவன் அழுத்துவான்? ஜெனரேட்டர் எரிந்தது, பச்சை. கூரை பறந்தது, பச்சை. இப்படியொரு அமைதியான எல்லையைக் கண்டதில்லை என்று பார்வையிட வந்த பெரியவர்கள் பூரித்துப் போனார்கள்.

ஒன்பதாவது மலைச் சாவடியில் இருந்த மூவரில் நிலவரம் பதிகிறவன் விஸ்வநத்தத்துக்காரன். நான் தாயில்பட்டி; இரண்டும் பட்டாசு ஊர். “பனியில கை விறைச்சுப் போகுதுண்ணே, மணிக்கொருக்கா எப்பிடித் தட்ட?” என்றான். பொழுது சாயும்வரைக்கும் சேர்த்துக் காலையிலேயே பச்சை போட்டுவிடும் வித்தையைக் கற்றுக்கொடுத்த புண்ணியவான் நான்தான்.

அவன் மனைவிக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. உள்ளே செல்போன் ஆகாது, கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். நாலு மணிக்கு வெளியே வந்ததும் “வந்துட்டேன்” என்று எனக்குச் சேதி போடுவாள். மலையில் செல்போன் எடுக்காது. அவன் கம்பி போனில் கூப்பிட்டு, “வந்துட்டாளாண்ணே?” என்பான். “வந்துருச்சுலே” என்பேன். அவளுக்கு “சொல்லிட்டேன்” என்று தட்டுவேன். எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல் வந்தால்தான் புருஷனுக்குச் சோறு இறங்கும்.

ஒருநாள் அவள் சேதி வந்தது, அவன் கூப்பிடவில்லை. திரையில் பச்சை. நானும் டீயைக் குடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். நாலரைக்கு மறுபடியும் அவள்தான்: “அண்ணே, அவுக இன்னும் கேக்கலையா?”

சாவடிக்கு போன் அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. மேஜரிடம் ஓடினேன்.

“ஆறு மணி வரைக்கும் பச்சைதானே?” என்று திரையைக் காட்டினார்.

“மனைவி வந்துவிட்டாளா என்று அவன் இன்னும் கேட்கவில்லை சார்.”

“அது எந்தக் கட்டத்தில் வரும்?” கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்டார்.

நானே சிவப்பை அழுத்தினேன். பொறுப்பு யார் என்ற இடத்தில் என் பெயர். தகவல் எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் ‘விஸ்வநத்தம்’.

மீட்புக்குழு போய்ப் பார்த்தபோது பனி சரிந்து சாவடியை மூடியிருந்தது. உள்ளே இருந்த மூவரையும் உயிரோடு எடுத்தார்கள். புதிய திரை தக்க நேரத்தில் எச்சரித்ததாக மேலே அறிக்கை போனது. அனுமதியில்லாமல் நிறம் மாற்றியது ஏன் என்று கேட்டு எனக்கு ஓலை வந்தது. காலையிலேயே பச்சை போட்டது ஏன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்தக் குற்றம் இன்றைக்கும் என்னை அரிக்கிறது.

அவனை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். கால் முறிந்து, உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்டான்: “வந்துட்டாளாண்ணே?”

“வந்துருச்சுலே” என்றேன். அவளுக்கு “சொல்லிட்டேன்” என்று தட்டப் போனால், கண்ணீரில் எழுத்தே தெரியவில்லை.