கொடி கட்டாத நாட்கள்

எங்கள் மலைப் பள்ளத்தாக்கில் கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரை யாரும் துணி துவைத்துக் காயப்போடுவதில்லை. அந்த நாட்களில் செத்தவர்களின் கூட்டம் காற்றோடு சுற்றும். கொடியில் வெள்ளைத் துணியைக் கண்டால் அதில் சிக்கி நிற்கும். வருஷம் திரும்புவதற்குள் அந்தத் துணி அதே வீட்டில் ஒருவருக்குச் சவத்துணியாகும். பல வீடுகளில் இது பேச்சோடு சரி. பக்கத்து வீட்டு பூர்கி மட்டும் கொடிக்கயிற்றையே அவிழ்த்துச் சுருட்டி உள்ளே வைத்துவிடுவாள்.

அவள் கணவன் வின்ஸென்ஸ் மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புத்தாண்டு முடிந்ததும் மதுக்கடையில் தன் சட்டையை முகர்ந்து காட்டி, "இந்த நாத்தத்துக்குச் செத்தவன் என்ன, உசுரோட இருக்கறவனே கிட்ட வரமாட்டான்" என்று எல்லோரையும் சிரிக்க வைப்பான்.

1983 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவனுக்கு நிமோனியா கண்டது. பனிச்சரிவில் சாலை அடைபட்டிருந்ததால் ஊர் டாக்டரே வீட்டுக்கு வந்து ஊசி போட்டார். வியர்வையில் படுக்கை விரிப்புகள் நனைந்துகொண்டே இருந்தன. பூர்கியின் அலமாரி காலியானது. எங்கள் வீட்டிலிருந்தவற்றையும் கொடுத்தோம். நனைந்தவை அவள் நிலவறையில் குவிந்து புளித்தன.

பண்டிகைக்கு வந்திருந்த மருமகள் சில்கே வடக்கே தொலைவில் பிரேமன் நகரத்தில் பிறந்தவள், எங்கள் ஊர் வழக்கம் அறியாதவள். முப்பதாம் தேதி பூர்கி பூசைக்குப் போன நேரத்தில் அந்தக் குவியலை எடுத்துத் துவைத்தாள். கயிற்றைத் தேடிப் பிடித்து, பேரி மரத்துக்கும் கொட்டகைக்கும் நடுவே கட்டிக் காயப்போட்டாள். நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் அது நோயாளியின் ஜன்னலுக்கு நேர் எதிரே.

பூர்கி திரும்பி வந்தபோது விரிப்புகள் பலகைபோல் உறைந்து தொங்கின. ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவசரத்தில் துணிக்கவ்விகள் பனியில் விழுந்தன. என் மனைவி போய்ப் பொறுக்கிக் கொடுத்தாள்.

வின்ஸென்ஸ் அதற்குள் பார்த்துவிட்டான். அன்று மதியத்திலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. மறுநாள் காய்ச்சல் இறங்கியது, மூச்சும் சீரானது. அவனோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் படுத்தவன்தான். மருந்து தன் வேலையைச் செய்கிறது, ஆள்தான் செய்யவில்லை என்று டாக்டர் பூர்கியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

புத்தாண்டன்று நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நீதானே இதையெல்லாம் கேலி செய்கிறவன் என்று கேட்டேன்.

"அவ காவல் காத்தா. அந்த தைரியத்துல நான் சிரிச்சேன்" என்றான். பிறகு தன்னைப் பெட்டியில் கிடத்தும்போது போட, கறுப்பு கோட்டைத் தூசி தட்டி வைக்கச் சொன்னான்.

சூப்போடு வாசலில் நின்ற பூர்கிக்கு அது கேட்டுவிட்டது. உள்ளே வந்து கிண்ணத்தை வைத்தாள்.

"நாலு துணி தொங்கினதுக்கா இப்படிக் கிடக்கற? நான் வருஷா வருஷம் துவைச்சிருக்கேன்."

"பொய்."

"மச்சுல கயிறு கட்டி. நம்ம பையன் கைக்குழந்தையா இருந்தப்ப பன்னெண்டு நாள் அவன் துணிய துவைக்காம இருந்திருக்க முடியுமா? நீயே யோசிச்சுப் பாரு. யாரு செத்தா?"

அவன் மெல்லத் திரும்பினான். "அப்ப எனக்கு மட்டும் ஏன் அழுக்குச் சட்டை?"

"உன் சட்டைய துவைச்சா மதுக்கடை முழுக்கச் சொல்லிடுவ. உன் வாய் எனக்குத் தெரியாதா?"

முதல் முறையாக முழங்கையை ஊன்றி எழுந்தான். முகம் சிவந்தது. இத்தனை வருஷம் தன்னை நாற்றத்தில் உட்கார வைத்த கள்ளி என்று இருமல் வரும்வரை திட்டினான். மூச்சு வாங்கிய இடைவெளிகளில் அவள் கரண்டியை நீட்டினாள். திட்டு முடிந்தபோது கிண்ணம் காலியாக இருந்தது. மூன்று ராஜாக்கள் திருநாளன்று அடுப்போரம் உட்கார்ந்திருந்தான்.

சமையலறையில் என் மனைவி கேட்டபோது, ஒரு கைக்குட்டைகூட அந்த நாட்களில் துவைத்ததில்லை என்றாள் பூர்கி. குழந்தைத் துணிகளை, அவன் ஆலைக்குப் போன நேரத்தில் ஊரெல்லாம் இரவல் வாங்கிச் சமாளித்திருந்தாள்.

"விரிப்பு தொங்கியாச்சு. ஒருத்தர் போய்த்தான் ஆகணும். புனித நாள்ல பொய் சொன்னவ நான். அது நானாவே இருக்கட்டும்" என்றாள்.

அந்த வருஷம் முழுக்க அவள் ஏணியில் ஏறவில்லை. மீனை முள் தேடித் தேடித் தின்றாள். சாதாரணச் சளிக்கே பாதிரியாரைப் பார்த்துவிட்டு வந்தாள். வின்ஸென்ஸ் நன்றாகச் சதை போட்டான். அடுத்த கிறிஸ்துமஸும் வந்தது, யாரும் சாகவில்லை.

ஆனால் டிசம்பர் கடைசியில் அவன், "மச்சுல துவைச்சுப் போடறவதானே, நல்ல சட்டை ஒண்ணு எடு" என்றான். இல்லை என்றால் பொய் உடையும். உடைந்தால் அந்த விரிப்பு மறுபடி அவன் கண்முன் வந்து தொங்கும். அவள் இதை முன்கூட்டியே யோசித்திருந்தாள். அவன் உடுத்துவது போன்ற கட்டம் போட்ட சட்டைகளை நகரத்தில் வாங்கி எங்கள் அலமாரியில் ஒளித்து வைத்திருந்தாள். புதுத்துணியின் மடிப்பு தெரியாமலிருக்கத் தண்ணீர் தெளித்து எங்கள் வீட்டிலேயே இஸ்திரி போட்டாள். கயிற்றில் போடவில்லையே, இது துவைத்ததாகாது அல்லவா என்று என் மனைவியிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல நாங்கள் போனபோது அந்தச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். காலரை இழுத்து முகர்ந்தான்.

"மச்சுல காஞ்ச துணிக்கு வாசனையே தனி" என்றான்.

பூர்கி ஆமாம் என்றாள். அடுத்த சட்டைக்கு எங்கள் வீட்டுக்கு எப்போது வரலாம் என்று கண்ணாலேயே என் மனைவியைக் கேட்டாள்.