பின்னால் காலி

போன வாரம் திருச்சியில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு செகந்திராபாத்தில் இறங்கி, லோத்குண்டா வீட்டுக்கு வந்தோம். கணவர் ஆட்டோவிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். நான் நேராகப் பின்பக்கம் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

வீட்டின் மேற்குச் சுவர் முழுக்கக் கறுப்பு. சாம்பல் நிறம்கூட இல்லை... தோசைக்கல் கறுப்பு!

வீடு மாறி வந்துவிட்டோமா? இல்லை, என் துளசித் தொட்டி இருக்கிறது.

எனக்கு ஏன் அப்படித் தூக்கிவாரிப் போட்டது என்று சொல்ல வேண்டுமே. அடுத்த வாரம் மகள் திவ்யா தலைப்பிரசவத்துக்கு வருகிறாள். பாத்ரூமோடு சேர்ந்த ஒரே அறை இந்த மேற்கு அறைதான். பழைய வீடு. கோடையில் மத்தியானம் முழுக்க வெயில் அந்தச் சுவரில்தான் காயும். ராத்திரியெல்லாம் அனல் உள்ளே வரும். ஏ.சி. ஓடும்... ஓடிக்கொண்டே இருக்கும்... அறை மட்டும் குளிராது. அதில் ஒரு பச்சைக் குழந்தையை எப்படிப் படுக்க வைப்பது?

அதனால்தான் வெளிச்சுவருக்குப் பலகை அடிக்க முடிவெடுத்தோம். மரம் என்றால் கரையான். பிளாஸ்டிக் பேனல்? எதிர் வீட்டில் ஒரே கோடையில் அப்பளமாக நெளிந்துவிட்டது. கடைசியில் ஃபைபர் சிமெண்ட் போர்டு — சிமெண்டோடு நார் சேர்த்து அழுத்திய பலகை. வெயில், கரையான் எதற்கும் அசையாது. ஆனால் கடைக்காரர் இரண்டு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். வெளிர் நிறம்தான் அடிக்க வேண்டும். போர்டைச் சுவரோடு ஒட்டி அடிக்கக் கூடாது. நடுவில் இடைவெளி வேண்டும், சூடான காற்று மேலே ஏறி வெளியே போவதற்கு.

கணவர் தேக்குக் கலர் கேட்டார். விடுவேனா? கிரீம்தான் என்று ஒரே பிடியாக நின்றேன்.

வேலைக்கு வந்தவர் சலீம் பாய். தெற்கு, மேற்கு இரண்டு சுவருக்கும் கிரீம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்த இடைவெளி விஷயம் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷம் ஹைதராபாத்தில் இருக்கிறோம், நமக்கு இந்தி வராதா? கம்பீரமாகச் சொன்னேன்:

“பாய், பீச்சே காலி ஹோனா.”

போர்டுக்குப் பின்னால் காலியாக இருக்க வேண்டும். சரிதானே?

அவர் கொஞ்சம் யோசித்தார். “பூரி காலி?”

நம்மூர் டிபன் கடையில் கேட்கிற மாதிரி இருந்தாலும், முழுக்கவா என்று கேட்கிறார் எனப் புரிந்தது. “ஹவ், பூரி காலி” என்று உறுதியாகச் சொல்லிவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.

கறுப்பைப் பார்த்ததும் அவரைக் கூப்பிட்டோம். வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் வேலையைப் பார்த்துவிட்டு, பாவமாகச் சொன்னார்:

“ஆப்இச் போலே நா மேடம், பீச்சே காலி ஹோனா போல்கே.”

நானேதான் சொன்னேனாம். இந்தியில் காலி என்றால் கறுப்பும்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டின் பின்பக்கம் முழுக்கக் கறுப்பு! இப்போதெல்லாம் புது வீடுகளுக்குக் கறுப்புதானே ஃபேஷன், மேடமும் மாறிவிட்டார் என்று நினைத்திருக்கிறார். இடைவெளியா? போர்டுகள் சுவரோடு கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன. மத்தியானம் கை வைத்துப் பார்த்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

அழுகை வந்துவிட்டது. மறைப்பானேன்? இந்த அறைக்கா என் பெண்ணைக் கூப்பிட்டேன்?

சலீம் பாய் மறுநாள் காலையில் ஆட்களோடு வந்து எல்லா போர்டுகளையும் கழற்றினார். சுவரில் ஃபிரேம் அடித்து, இடைவெளி விட்டு, கீழேயும் மேலேயும் காற்றுப் போக வழி வைத்து, பூச்சி நுழையாமல் வலை அடித்து, திரும்ப மாட்டினார். கறுப்பின் மேல் கிரீம் அடித்தார். அறை ஒன்றும் ஊட்டி ஆகிவிடவில்லை. ஆனால் ஏ.சி. இப்போது நடுநடுவே மூச்சு வாங்குகிறது. எனக்கும் மூச்சு வந்தது.

திவ்யாவிடம் போனில் சொன்னேன். இங்கேயே படித்து வளர்ந்தவள். சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று.

“அம்மா, நீ சொன்னது காலி. சொல்ல வேண்டியது காலி.”

“ரெண்டும் ஒண்ணுதானேடி?”

“நோ மா. ரெண்டாவதுல அந்த ‘கா’வுக்குள்ள கொஞ்சம் காத்து விடணும்.”

சுவருக்கு விட்டாயிற்று. இந்த வயதில் நாக்குக்கு எங்கே போய் விடுவது?