பதினோராவது நாற்காலி

புளியும் உப்பும் சேர்த்துப் பிசைந்த கரைசலின் வாடை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் பெரிய வியாழன் வந்துவிடும். மலேசியாவில், சுங்காய்க்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டின் பின்வாசலில், அம்மா மூன்று நாளாக அப்பாவின் பாதங்களை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்துப் பெரிய வியாழன் மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு ஆண்களின் கால்களைக் கழுவுவார். அந்த வருடம் அப்பாவின் பெயரும் வாசிக்கப்பட்டிருந்தது. கழுவப்போகிற காலை எதற்கு முன்கூட்டியே கழுவ வேண்டும் என்று எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. பன்னிரண்டு வீட்டிலும் இதே கூத்துதான். "சாமி கையில அழுக்கு ஒட்டுனா என் மானமே போயிரும்லா" என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தாள் அம்மா.

அப்பாவுக்குப் பால்வெட்டு வேலை. மரத்தில் வழிந்து காய்ந்துபோன பாலை "ஒட்டுப்பால்" என்போம். அதைச் சாக்கில் கட்டிச் சுமக்கிறவர்களின் தோலுக்குள் அதன் நாற்றம் இறங்கிவிடும், புளிக்கும் உப்புக்கும் அது மசியாது. அம்மாவுக்கும் அது தெரியும். ஆனாலும் தேய்த்தாள், கடைசி நாள் அப்பா வலி தாங்காமல் காலை இழுத்துக்கொள்ளும்வரை தேய்த்தாள்.

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி. அப்பா பதினோராவதில், வெள்ளை வேட்டியைப் பாதி மடித்துக்கொண்டு, ஒன்பது வயது மகள் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சாமியார் உடை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் சூசை கிராணி வந்தார். தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அவர், கோயிலுக்கும் அவர்தான் பெரியவர். மெதுவாகப் பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது. "மரியதாஸ், எந்திரி. ஒன் காலு ஒட்டுப்பால் நாத்தம் நாறுது. பட்டணத்துச் சாமியாரு, மூக்கப் பொத்திக்கிட்டா பூச வைப்பாரு?" என்றார். முதல் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். ஈப்போவிலிருந்து வந்திருந்த கிராணியின் மச்சான் காலுறையைக் கழற்றிக்கொண்டே வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரிங்கய்யா" என்றார் அப்பா. அவ்வளவுதான். கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நடுவழியே நடந்து வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்குள் வரவேயில்லை. ஞாயிறு தவறாமல் வருவார், வாசற்படிக்கு வெளியே நின்றே பூசை காண்பார். மழை பெய்தால் நனைவார். கேட்டவர்களிடம் "உள்ள புழுக்கமா இருக்கு" என்பார். அம்மா என்னிடம், "வாயத் தொறக்காத. கிராணி கோவப்பட்டா வேல போயிரும்" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை, வேண்டுதலைத் தொடங்கினேன். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, "சாமி, சூசை கிராணி சாகணும்னு வேண்டிக்கிட்டேன்" என்று கிசுகிசுத்தேன். தட்டிக்கு அந்தப்புறம் அதிர்ச்சியே இல்லை. "எத்தன தடவ?" என்று மட்டும் கேட்டார் சாமியார். "தெனமும்" என்றேன். கிராணியின் நலனுக்காக மூன்று செபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன், கிராணியின் பல்லெல்லாம் கொட்டிப்போக வேண்டும் என்ற வேண்டுதலோடு.

சிரிக்காதீர்கள். அந்தப் பழைய தட்டியின் மேல் எனக்கு இன்னும் மரியாதை உண்டு. ஒன்பது வயதுப் பெண்ணின் பழிவெறியை அது குழந்தைத்தனம் என்று ஒதுக்கவில்லை. பாவம் என்றது, எண்ணிக்கை கேட்டது, தண்டனையும் கொடுத்தது. என் கோபம் பாவமென்றால் கிராணி செய்ததும் பாவம்தான், அவரும் ஒருநாள் முழந்தாளிட்டு வாய்விட்டுச் சொல்லியே ஆகவேண்டும் என்று அதிலிருந்து எனக்கு ஒரு நம்பிக்கை பிறந்தது. இப்போது பாருங்கள். ஈப்போவில் நான் போகிற கோயிலில் பீடத்துக்கு முன்னால் முழந்தாளிடும் கிராதியை எடுத்துவிட்டுப் பெரிய வீடியோத் திரை வைத்திருக்கிறார்கள். பிரசங்கத்தில் பாவம் என்ற சொல்லே வருவதில்லை, மன அழுத்தம்தான் வருகிறது. என் மகள் மனநல ஆலோசகர். "ம்மா, அத விட்ருங்கலா. ஒங்க பிளட் பிரஷருக்கு நல்லதில்ல" என்கிறாள். நல்ல கதை! என் அப்பாவை எழுப்பிவிட்டது எனக்கு ரத்தக்கொதிப்பாம், மாத்திரை போட்டால் சரியாகிவிடுமாம். யாரும் தப்பே செய்யாத உலகத்தில் யாரை நான் மன்னிப்பது? "நான் செஞ்சது தப்பு" என்று அந்த வாய் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய்க்கான செம்பனை மரங்கள். லயங்கள் இல்லை, கோயிலின் சுவர்கூட இல்லை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சூசை கிராணி மட்டும் தொண்ணூறைத் தொட்டுக்கொண்டு ஜெலாப்பாங்கில் மகன் வீட்டில் இருப்பதாக இந்தத் தவக்காலத்தில் கேள்விப்பட்டேன். விடுவேனா? வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே காரை ஓட்டினேன். பெயர் சொல்லாமல் முழுக் கதையையும் சொல்லிவிட்டு, கடைசியில் மகனுக்கு முன்னால் "அது நீங்கதான்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வேண்டும்.

கதவைத் திறந்த மகன், "அப்பாவுக்கு ஞாபகம் வரும் போகும்க்கா" என்று எச்சரித்துத்தான் உள்ளே விட்டார். கிராணி சாய்வு நாற்காலியில் சுருங்கிக் கிடந்தார்.

"யாரும்மா நீ?"

"பால்வெட்டு மரியதாஸ் மகளுங்கய்யா."

"அட, மரியதாஸா! தங்கமான மனுசன்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா கோயிலுக்கு வெளியவே நிப்பாரும்மா. ஏன்னே தெரியல."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சொன்னேன். புளி, உப்பு, நாற்காலி, அந்தச் சிரிப்பு, மழை, எதையும் விடவில்லை. மகன் பாதியிலேயே புரிந்துகொண்டு தலையைக் குனிந்துவிட்டார். கிழவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணில் நீர் கொட்டியது.

"யாரும்மா அந்தப் படுபாவி? கோயில்ல வச்சா அப்படிச் சொன்னான்? ஒங்கப்பன் கால் தூசிக்கு ஆவானா அவன்?" மூச்சிரைக்க என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் இருக்கானா?"

"இருக்காருங்கய்யா."

"விடாதம்மா. அவன மன்னிக்காத."

மகன் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கெஞ்சித் தலையசைத்தார். நான் நிறுத்திக்கொண்டது அதற்காக இல்லை. அம்மா வாயை மூடச் சொன்னாள், சாமியார் செபமாலை கொடுத்தார், மகள் மாத்திரை கொடுக்கிறாள். என் அப்பாவுக்காக என்னோடு சேர்ந்து கொதித்த ஒரே மனிதர் சூசை கிராணிதான். அவர் முகத்தைப் பார்த்து "அது நீங்கதான்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படி என் பக்கம் வந்து நின்றுகொண்டாரே, அதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.