தேயிலை லொறி நின்ற காரணம்

சந்தியில் எந்த வாகனம் எதற்கு வழிவிட வேண்டும் என்பதை, அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற என்னால் பிரிவு இலக்கத்தோடு சொல்ல முடியும். அதனால்தானோ என்னவோ, பதுளையில் சைக்கிளோடு சந்தியை நெருங்கும்போதெல்லாம் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் கடக்கிறேன். சட்டம் எனக்குத் தெரியும். எதிரே வருகிறவருக்குத் தெரியுமா என்பது தெரியாது. பன்னிரண்டு வயதில் அந்தப் பயம் இருக்கவில்லை.

அப்போது மாமா தன் சைக்கிளைப் பள்ளிக்கூடம் போக எனக்குக் கொடுத்திருந்தார். எங்காவது அடிபட்டால் சைக்கிள் அவரிடமே திரும்பிவிடும், நான் மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், நடக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவர் லைசன்ஸ் எடுப்பதற்காக வாங்கிய வீதிச் சட்டப் புத்தகத்தை நான் இரண்டு தடவை படித்திருந்தேன். அவர் ஒரு தடவையும் படித்ததாகத் தெரியவில்லை.

நான் பள்ளிக்கூடம் போகிற, பசறைக்கு இறங்கும் பெரிய ரோட்டில் தோட்டத்துப் பாதை வந்து சேருமிடத்தில் ஒரு பிள்ளையார் கோயில். தினமும் காலையில் தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி அங்கே வந்து நிற்கும். கிளைப் பாதை வாகனம் பிரதான பாதைக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. டிரைவர் எனக்காகத்தான் நிற்கிறார், நிற்கிற நேரத்தில் பிள்ளையாரையும் கும்பிட்டுக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பிரேக் பிடிக்காமல் கம்பீரமாகக் கடப்பேன்.

ஒருநாள் லொறி நிற்கவில்லை. நான் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் கிடந்தேன். முழங்காலில் சிராய்ப்பு, சைக்கிளின் முன்சில்லு வளைந்துபோயிருந்தது.

டிரைவர் குதித்து இறங்கி ஓடி வந்தார். "ஏ பாப்பா, கண்ண எங்க வச்சிக்கிட்டு வர்றே?"

"நீங்கதான் நிக்கணும் அண்ணே! தெனமும் நிப்பீங்கல்ல?"

"அது புள்ளையாருக்கும்மா! வீட்டுல புள்ள பொறந்திருக்கு. தீட்டோட எப்படி நின்னு கும்புடுறது?"

"நான் மெயின் ரோட்டுல வர்றேன். சட்டப்படி எனக்குத்தான் நிக்கணும்."

அவர் என்னையும் கோயிலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சைக்கிளை லொறியில் ஏற்றி, என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

மாமா குனிந்து வளைந்த சில்லைச் சுழற்றிப் பார்த்தார். சைக்கிள் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"பாப்பா மேல தப்பு இல்லைங்க," என்றார் டிரைவர். "நான்தான் பாக்காம வந்துட்டேன்."

"பிரேக்கே புடிக்காம வந்திருப்பாளே. எனக்குத் தெரியாதா இவள?" என்றார் மாமா. பிறகு குரல் இறங்கியது. "என்ன புள்ளப்பா?"

"பொம்பளப் புள்ளைங்க."

"அப்ப பாத்துக்க. பன்னெண்டு வருசத்துல நீயும் சில்லு நிமித்துவே."

அன்று பின்னேரமே மாமா சில்லை நிமிர்த்தித் தந்தார்.

மறுநாள் காலை லொறி சந்தியில் நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது. தீட்டுக் கழியும்வரை டிரைவர் கோயில் பக்கம் திரும்பாமல், கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல், என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் கடந்த பிறகுதான் லொறி நகரும். ஒரே தடவை சொன்னதும் சட்டத்தைப் புரிந்துகொண்டாரே என்று அவரைப் பற்றி எனக்கு மிகுந்த திருப்தியாக இருந்தது.