என் கை அடித்த ஆணிகள்

கடல் காவலுக்கு ஓடித் தேய்ந்த ஒரு பழைய சர்க்கார் இஞ்சின் படகைச் சரிசெய்ய, வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும் என்று ஊர்க் கூட்டத்தில் முடிவானது. என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை. நான் அந்த ஊர் மாப்பிள்ளை. மாப்பிள்ளையிடம் வேலை வாங்குவது மரியாதைக் குறைவாம். நானே எழுந்து, "நானும் வரேன்" என்றேன்.

"நீ இன்னாத்துக்கு மாப்ள, கம்முனு குந்து" என்றான் மச்சான். என் மனைவிக்கு அண்ணன், எனக்கு ஒத்த வயது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "இஞ்சினை உங்க தாத்தா வந்து ஓட்டுவாரா?" என்று கேட்டுவிட்டேன். கூட்டமே சிரித்தது, மச்சானும் சிரித்தான். அப்படித்தான் நான் அந்த வேலையில் சேர்ந்தேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் ஒவ்வொரு ஷெட்டாக எழும்பிக்கொண்டிருந்தது. நான் அங்கே ஒரு சின்னப் பட்டறையில் ஃபிட்டர். வாரம் முழுக்க ஒரே அறையில் நாலு பேரோடு கிடப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து, பழவேற்காட்டில் இறங்கி, ஏரியைத் தாண்டி மனைவியிடம் போவேன். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டில் இருந்தது அவள் ஊர். ரோடு கிடையாது. உப்பு வாங்குவதானாலும் ஆஸ்பத்திரிக்கானாலும் பாய் விரித்த படகில்தான் போகவேண்டும். காற்று இருந்தால் ஒரு மணி நேரம். காற்று இல்லாவிட்டால் கேட்காதீர்கள்.

எங்கள் முதல் பிள்ளை காற்று இல்லாமல் செத்தது. நான் பட்டறையில் இருந்தேன். வலி கண்டவளைத் தன் படகில் படுக்கவைத்து மச்சான்தான் கிளம்பியிருக்கிறான். பாதி ஏரியில் காற்று சுத்தமாக நின்றுபோனது. கோலை ஊன்றி ஊன்றித் தள்ளி அவன் கரை சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அவள் பிழைத்தாள், ஆண் பிள்ளை பிழைக்கவில்லை. அந்த நாளைப் பற்றி மச்சானும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

இஞ்சின் வைத்த படகு ஒன்று இருந்தால் நோயாளிகளை அரை மணியில் கரை சேர்த்துவிடலாம். அதற்காகத்தான் ஊரே மனு எழுதிப் போட்டு, யாருக்கும் வேண்டாமல் கிடந்த அந்தப் படகைக் கேட்டு வாங்கியிருந்தது. மணலில் அதைக் கவிழ்த்துப் பார்த்தால், அடிப்பலகை பாதி உளுத்திருந்தது. இஞ்சின் துருப்பிடித்துக் கல்லாகிக் கிடந்தது. ஒரு காலத்தில் இந்த ஊர்க்காரர்களை நடுக்கடலில் நிறுத்திச் சோதனை போட்ட படகு அது. "இன்னாடா, உன் மடியில இன்னா வச்சிக்கீற, காட்டு" என்று அதன் வயிற்றைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வேலை. இஞ்சினைப் பிரித்துப் போட்டுக் கழுவினேன். சின்னச் சின்ன உதிரிகளைப் பட்டறையில் முதலாளியிடம் கெஞ்சிக் கடைந்து எடுத்துவந்தேன். ஆனால் பலகை முடியாமல் இஞ்சினை எங்கே உட்கார வைப்பது? ஆள் போதவில்லை. அதனால் நானும் சுத்தியலை எடுத்தேன். இடது பக்கத்து அடிப்பலகைகள் மூன்றும் என் கை வேலை. ஒரு ஆணி கோணியது கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, சோறு போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள், "தள்ளிப்போய்க் கீது. ரெண்டு மாசம்."

உடனே மாமியாரிடம் சொல்லலாம் என்று எழுந்தேன். அவள் என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "தெரிஞ்சா உன்ன படகாண்ட உடமாட்டாங்க."

அவள் சொன்னது நிஜம். அந்த ஊரில், மனைவி முழுகாமல் இருந்தால் புருஷன் ஆணி அடிக்கக் கூடாது, கூரை பிரிக்கக் கூடாது, தேங்காய் உடைக்கக் கூடாது. அத்தனையும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆகாது. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று மார்தட்டிக்கொள்வேன். படகு பிரசவத்துக்குள் முடியவேண்டும், அது ஒன்றுதான் எனக்கு. அவள் புடவையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டாள். நான் சத்தம் வராமல் அடிக்கிறவன் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு ஆணி அடித்தேன்.

பலகை முடிந்தது. இடுக்குகளில் பஞ்சுத் திரியை அறைந்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினோம். இஞ்சின் இருமி இருமிக் கடைசியில் ஓடிவிட்டது. ஒரு ஞாயிறு காலையில் படகைத் தண்ணீரில் இறக்க ஊரே கூடியது. கற்பூரம் ஏற்றி, மச்சான் ஒரு தேங்காயை என் கையில் வைத்தான். "நீ உடை மாப்ள. உன்னாலதான் இது உசுரோட கீது."

கல் என் காலடியிலேயே இருந்தது. கையை ஓங்கினேன். குடுமியோடு அந்தத் தேங்காய் உருண்டையாக என் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. ஓங்கிய கை இறங்கவே இல்லை. இத்தனை வாரம் ஆணி அடித்த சூரனுக்கு ஒரு தேங்காயை உடைக்க முடியவில்லை.

"இன்னாச்சு?" என்றார்கள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான், பெண்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது. மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள்.

"எத்தினி மாசம்?" என்றான் மச்சான்.

"அஞ்சு."

"அடப்பாவி! ஆணி அடிச்சியேடா!"

அவனுக்குப் படகைப் பற்றிய கவலை என்று நினைத்தேன். ராசி கெட்டுப்போய்விட்டது என்று திட்டப்போகிறான், நானும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று தயாராக நின்றேன். அவன் படகைப் பார்க்கவே இல்லை. தங்கையின் வயிற்றைத்தான் பார்த்தான். பிறகு திரும்பி, "கடப்பாறை எடுங்கடா. இவன் அடிச்ச ஆணி ஒண்ணு பாக்கி இல்லாம புடுங்கணும். வேற கை அடிக்கட்டும்" என்றான்.

நான் குதித்தேன். "புடுங்கினா பலகை பொளந்துபூடும். வேற பலகைக்கு எங்க போவ? அதுக்குள்ள அவளுக்கு வலி வந்தா? மறுபடியும் நடு ஏரியில குந்திக்கினு காத்துக்காக அழவா?" கேட்டிருக்கக் கூடாது. மச்சானின் முகம் செத்துப்போனது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியுமா?

மனைவிதான் எழுந்து வந்தாள். "புடுங்கட்டும்யா."

"நீயுமா? உனக்கு இதுலலாம் நம்பிக்கையா?"

"நம்பிக்கை இல்ல. பயமா கீது. நாளைக்கி எதுனா ஒண்ணு ஆச்சுன்னா, அந்த ஆணிதான் கண்ணு முன்னால வந்து நிக்கும். உனக்கும் நிக்கும்."

நான் கடப்பாறையை எடுத்து மச்சான் கையில் கொடுத்தேன். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் படகை மறுபடி கவிழ்த்து, நான் காட்டக் காட்ட ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. பதினைந்து ஞாயிறு வேலை பாழாகிறது, வெயில் மண்டையைப் பிளக்கிறது, "தோ, இங்க ஒண்ணு கீது பாரு" என்று தேடித் தேடிப் பிடுங்கினார்கள். என் பிள்ளைக்காக. நான் ஓரமாகப் போய் நின்று அழுதேன்.

சொன்னபடியே பலகை மூன்றும் பிளந்தன. ஊரில் வேறு மரம் இல்லை. வெளியில் வாங்க நாளாகும் என்றார்கள். அடுத்த சனிக்கிழமை நான் போய் இறங்கியபோது மச்சானின் படகு கரையில் இல்லை. மணலில் பலகை பலகையாகப் பிரிந்து கிடந்தது. நீளமான மூன்றை அவன் உட்கார்ந்து இழைத்துக்கொண்டிருந்தான்.

"பொழப்புக்கு இன்னா பண்ணுவ மச்சான்?"

"வேற படகுல பங்குக்குப் போறேன்" என்றான். கொஞ்ச நேரம் இழைத்தான். "இதுல ஏறினாலே எனக்குக் கோல் புடிக்க முடில மாப்ள. ரெண்டு வருசமா."

நான் பலகையின் மறுமுனையைப் பிடிக்கப் போனேன். "தொடாத!" என்று அதட்டினான். பிரசவம் வரைக்கும் என்னை இஞ்சினைத் தவிர எதையும் தொட விடவில்லை.

எட்டாம் மாதத்தில் படகு தண்ணீரில் இறங்கியது. தேங்காயை யாரோ உடைத்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை பட்டறைக்குத் தகவல் வந்தது. போட்ட காக்கி உடுப்போடு ஓடினேன். பொன்னேரியில் பஸ் மாறி, பழவேற்காடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் மத்தியானம் தாண்டிவிட்டது. வாசலில் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மச்சான் கதவோரம் நின்றுகொண்டிருந்தான், சட்டையெல்லாம் டீசல்.

"அரை மணி கூட ஆவல மாப்ள" என்றான். "இன்னிக்கும் சொட்டுக் காத்து இல்ல. ஏரி அப்பிடியே கெடந்துது. ஆனா வந்துட்டோம்."

நர்ஸ் துணியில் சுற்றி எடுத்து வந்தார். "பொண்ணு. அம்மா நல்லா இருக்காங்க. அப்பா யாரு, வந்து வாங்குங்க."

நான் கையை நீட்டினேன். அப்புறம் மச்சானைத் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன். அவன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாம் மாப்ள. என் கை வேணாம்."

"வாங்கு மச்சான். தாய்மாமன் நீதான் மொதல்ல."

வேட்டியில் கையைத் துடைத்துத் துடைத்து, கடைசியில் வாங்கினான். அவளைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அன்னிக்கும் நான் நிறுத்தாமத்தான் தள்ளினேன் மாப்ள" என்றான்.

"தெரியும் மச்சான்" என்றேன். அந்த ஒரு வார்த்தையை இரண்டு வருஷமாக நான் அவனிடம் சொல்லாமலே இருந்திருக்கிறேன்.