கூடத்திலிருந்து கொல்லை வரை

என் கணவர் இறந்த பிறகு என்னை யாரும் எழுந்திருக்கவே விடவில்லை. கணவன் இறந்து இத்தா என்னும் துக்கக் காலத்தில் இருக்கிற பெண் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது என்பதுதான் எங்களில் வழக்கம். உறவுக்காரர்களின் பாசம் அதை இன்னும் இறுக்கி, கட்டிலை விட்டே இறங்கக் கூடாது என்று ஆக்கிவிட்டது. தண்ணீர்ச் செம்புக்குக் கை நீட்டினால் நாலு பேர் ஓடி வந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் ஆளுக்கொரு தூக்கு கொண்டுவந்தார்கள். நெய்ச்சோறு, தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம். “சாப்புடு புள்ள, ஒடம்பு போயிடும்.” எனக்குச் சர்க்கரை இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அழுதுகொண்டு இருப்பவளிடம் அதையெல்லாம் யார் பேசுவார்கள்? நானும் சாப்பிட்டேன்.

என் உம்மாவுக்கும் சர்க்கரைதான். விடிந்ததிலிருந்து அடுப்படியில் நிற்கிற மனுஷிக்குத் தனியாக நடை எதற்கு என்று எல்லாருமே நினைத்தோம். முதலில் சுண்டுவிரலை எடுத்தார்கள். அப்புறம் முழங்காலுக்குக் கீழே. கடைசி வருடம் இல்லாத காலைச் சொறிந்துவிடச் சொல்லிக் கேட்பார். எதை நினைத்தாலும் எனக்குப் பயம்தான். பூட்டிய கதவைத் திரும்பப் போய்ப் பார்ப்பேன், மகள் போன் எடுக்காவிட்டால் விடாமல் அடித்துக்கொண்டே இருப்பேன். ஆனால் எல்லாப் பயத்துக்கும் அடியில் கிடந்த பயம் அந்தக் கால்தான்.

என்னை நடக்க வைத்தவர் என் கணவர். வளைகுடாவில் லாரி ஓட்டிவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தபோது, மாடிப்படி ஏறும்போது பாதியில் உட்காருவார். சர்க்கரை, பிரஷர், சிகரெட் இருமல் எல்லாம் கூடவே வந்திருந்தன. இரண்டு பேரும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“வேல வெட்டி இல்லாம ரோட்டுல நடக்கவா? பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?” என்றேன்.

“புருஷன் பொண்டாட்டி சண்ட போட்டுக்கிட்டுப் போறாங்கன்னு நெனப்பாங்க. நீ ஒன் மூஞ்சிய மாத்தாம வா, போதும்” என்றார்.

சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்புவோம். அரசலாற்றங்கரை நடைபாதையில் அவர் முன்னால், நான் பின்னால். நாய் இருக்கு, பள்ளம் இருக்கு, வண்டி வருது என்று நான் கத்திக்கொண்டே போவேன். “நாயெல்லாம் ஒன் சத்தத்துக்கே ஓடிப்போச்சு, நீ வா” என்பார். பாதி வழியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. எனக்கு அதுவரைக்கும்தான். அதற்கு மேல் கடல் இரைச்சல் பலமாகக் கேட்கும், எனக்கு ஆகாது. அவர் முகத்துவாரம் வரை போய்த் திரும்பி வருவார். தலை தெரிகிற வரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நடந்த வருடங்களில் என் மாத்திரை பாதியாகக் குறைந்தது. பகலில் படுத்தே கிடந்த நான் ராத்திரி தூங்கி எழுந்தேன். அவர் சிகரெட்டை விட்டார். மாடிக்கு ஏறிப் போய் அவரே தண்ணீர்த் தொட்டி கழுவினார். அப்படி இருந்தவர் ஒருநாள் மதியம் சாப்பிட்டுப் படுத்தார், அஸர் தொழுகைக்கு எழுப்பப் போனபோது எழுந்திருக்கவில்லை. நெஞ்சடைப்பு என்றார்கள். பழைய காலத்துக் கேடு உள்ளே இருந்திருக்கிறது என்றார் டாக்டர்.

இத்தாவில் எனக்குத் துணையாக என் கணவரின் அக்கா வந்து தங்கினார். அவரை நானும் லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். வாய் கொஞ்சம் அதிகம். வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே கேட்டு அழுவார். “தெனம் நடந்தானே என் தம்பி. நடந்து என்னத்தக் கண்டான்?” எனக்குள்ளும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது மாதம் என் வலது குதிகாலில் ஒரு வெடிப்பு வந்தது. ஆறவில்லை. பாதத்தில் மணல் ஒட்டியிருக்கிற மாதிரி மரமரப்பு வேறு. மகள் லேப்பிலிருந்து ஒரு பெண்ணை வீட்டுக்கே வரவழைத்து ரத்தம் எடுக்கச் சொன்னாள். முடிவைப் பார்த்தவள் அடுப்படிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அவள் நின்ற நிலையே எனக்குச் சொல்லிவிட்டது. உம்மா முகம் வந்து முன்னால் நின்றது.

டாக்டர் போனிலேயே மருந்தைக் கூட்டினார். குதிகாலுக்கு மருந்து வைத்துக் கட்டி, அழுத்தாத செருப்பு போட்டு வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடக்கச் சொன்னார். எங்கள் வீடு அகலம் இல்லை, நீளம். மறுநாள் காலை எழுந்து கூடத்திலிருந்து கொல்லை வரை நடந்தேன். திரும்பினேன். மறுபடி நடந்தேன். லாத்தா எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

“என்னடி இது? புருஷன் போயி முழுசா மூணு மாசம் ஆவல. பாத்தா ஊரு என்ன பேசும்?”

“கால் போயிடும்னு பயமா இருக்கு லாத்தா.”

“அதான் நடந்தவனப் பாத்தோமே!”

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. “வந்தப்ப மாடிப்படி ஏற முடியாத மனுஷன் லாத்தா. போன பெருநாளைக்கு ஒங்க பேரன தோள்ல தூக்கிக்கிட்டு ஆத்தங்கரை முழுக்கச் சுத்தினாங்களே. நீங்களும்தானே பாத்தீங்க?” என்று கேட்டுவிட்டு, கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். லாத்தா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் நான் விழித்தபோது கூடத்தில் நாற்காலிகள் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. வழியில் கிடந்த அரிசி மூட்டையைக் காணோம். லாத்தா கையில் தஸ்பீஹ் மணியோடு நின்றுகொண்டிருந்தார்.

“மார்க்கம் படிச்ச ஆலிமாகிட்ட கேட்டுட்டேன். வீட்டுக்குள்ள நடக்கத் தடையில்லயாம். வா.”

கொல்லைக் கிணற்றடி போவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. “எந்த மடையன்டி இவ்ளோ நீளமா வீட்டக் கட்டுனான்?”

“ஒங்க வாப்பாதான் லாத்தா.”

லாத்தா சிரித்துவிட்டார். என் கணவர் போன பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்தபடியே அழுதார். தூக்கோடு வந்தவர்களை அதற்கப்புறம் அவரே வாசலில் நிறுத்தி, “நெய்ச்சோறு வேணாம், கீரை இருந்தா குடுங்க” என்று அனுப்பினார். தினமும் நடந்தோம். “தம்பி வேகமா நடப்பானா?” என்று கேட்பார். “கூப்பிட்டாத்தான் நிப்பாங்க” என்பேன். வெடிப்பு மெல்ல மெல்ல மூடியது.

இத்தா முடிந்து டாக்டரிடம் போனோம். சர்க்கரை இறங்கியிருந்தது. குதிகாலை அழுத்திப் பார்த்தார். காலுக்குப் பயமில்லை, வெளியிலேயே நடக்கலாம் என்றார். லாத்தா என்னைவிடச் சத்தமாக அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்.

மறுநாள் சுபுஹுக்குப் பிறகு இரண்டு பேரும் ஆற்றங்கரைக்குப் போனோம். நாய் இருந்தது, பள்ளமும் இருந்தது. நான் ஒரு வார்த்தைகூடக் கத்தவில்லை. பெஞ்சு வந்ததும் உட்கார்ந்தேன். லாத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். வெயில் ஏறியது. லாத்தா என் தோளைத் தொட்டார்.

“போவோமா? யாருக்குப் புள்ள உக்காந்திருக்கே?”

அப்போதுதான் தெரிந்தது, நான் முகத்துவாரத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தேன். இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதிந்தன. வீடு வரைக்கும் லாத்தா என் கையை விடவில்லை.