அத்தை ஆறு கடலில் கலக்கும் இடம்

எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே ஓடும் ஆற்றுக்கு எங்கள் வீட்டில் அத்தை ஆறு என்று பெயர். நான்காம் வகுப்பில் ஊர் ஆற்றை வரைபடமாக வரையச் சொன்னபோது அதையே கொட்டை எழுத்தில் தலைப்பாக எழுதிவிட்டேன். வகுப்பே சிரித்தது. மற்ற பிள்ளைகளுக்கு அது, நாலாவது மைல்கல் பக்கம் ஓடுவதால், நாலாம் கட்டை ஆறு. இரண்டுமே வரைபடத்தில் இருக்கும் பெயர் இல்லை என்றார் ஆசிரியை. திங்கட்கிழமை சரியான பெயரோடு வந்தால்தான் என் படம் சுவரில் ஏறும்.

நான் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஆறு கடலில் சேரும் இடத்தில் குடியிருப்பவர்களுக்குப் பெயர் தெரியாமலா போகும்? அங்கே கூட்டிப் போகச் சொல்லி அப்பாவை நச்சரித்தேன். ஒரு வேளை சாப்பாட்டையும் ஒதுக்கினேன்.

"அது வூட்டுக்குள்ள சொல்ற பேரு. அத எதுக்கு ஸ்கூல்ல எழுதுன?" என்றார் அப்பா. பிறகு, "சரி, ஞாயித்துக்கெழம போவோம் லா" என்றார். என் உண்ணாவிரதம் வென்றதாக நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை மோட்டார் சைக்கிளில் ஆற்றங்கரையோடு போனோம். தோட்டத்தில் கறுப்புக் காப்பி நிறத்தில் இருந்த தண்ணீர், கடலோரத்து நீப்பா மரங்களைத் தாண்டியதும் சேற்று நிறமானது. முன் கூடையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் என்று நினைத்து, வழியெல்லாம் அதன் மேலேயே கண்ணாக இருந்தேன்.

முகத்துவாரத்தில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து மலாயில் கேட்டேன். "சுங்கை நீப்பா" என்றார், இதையெல்லாமா கேட்பார்கள் என்பது போல. சுங்கை என்றால் ஆறு. உடனே எழுதிக்கொண்டேன். வந்த வேலை முடிந்தது. வயிறு பொட்டலத்தைக் கேட்டது.

அப்பாவோ அவரிடம், தண்ணீர் எப்போது வெளியே போகத் தொடங்கும் என்று விசாரித்தார். இன்னும் அரை மணி நேரம் என்று பதில் வந்தது. அப்பா படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். நான் முனகினேன், காலை உதைத்தேன், அழவும் பார்த்தேன். அவர் அசையவே இல்லை. தண்ணீர் வெளியே போகத் தொடங்கியதும், கடலைப் பார்த்து நின்ற படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி, தோட்டத்துப் பக்கம் முகம் காட்டின. அப்போதுதான் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே இருந்தது மல்லிகை மாலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குனிந்து மாலையைத் தண்ணீரில் விட்டார். அது நேராகக் கடலுக்குள் போனது. கண்ணுக்கு மறையும்வரை நின்றவர், "போயிருச்சு" என்றார். திரும்பும் வழியில் எனக்கு இரண்டு நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தார்.

வரைபடம் சுவரில் ஏறியது. கடல்தண்ணீர் ஏறி இறங்கும் நேரத்தையும் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்ததற்குத் தனிப் பாராட்டு.

நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன அத்தை, அப்பாவின் ஒரே அக்கா. அவர் சாம்பலைத் தோட்டத்துப் பாலத்தடியில்தான் கரைத்திருக்கிறார்கள். அவ்வளவு உள்ளே வரைக்கும் கடல் வந்து போகும் என்று தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யாரும் யோசிக்கவில்லை. அன்று காலையில் சாம்பலோடு விட்ட மாலை சாயங்காலம் கடல் ஏற்றத்தோடு திரும்பி வந்து, அதே பாலத்தில் சிக்கி நின்றதாம். அதிலிருந்துதான் அந்தப் பெயர். இதை அம்மா எனக்குச் சொன்னபோது நான் வளர்ந்து வேலைக்கே போகத் தொடங்கியிருந்தேன்.

அன்றைக்கு, தண்ணீர் வெளியேறும் நேரத்தை அப்பா என் வரைபடத்துக்காகத்தான் கேட்டார் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.